'நார்மல்' என்ற சொல்லும் அறுபது நாள்களும்

பச்சிளங் குழந்தைகளின் பித்தநாள நோயைக் கண்டறிய ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும் நல்ல அல்ட்ராசவுண்ட் கருவி வேண்டும் என்ற வாதம் படித்தவர்களிடையே எளிதில் ஒப்புதல் பெறுகிறது. கோலார் தங்கவயலைப் பொறுத்தவரை அதற்கு நியாயமும் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களைப் பேணிய சுரங்க மருத்துவமனையும் அதனோடு முடங்கியது. கைக்குழந்தைக்குச் சிக்கலான நோய் என்றால் இன்று ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்கோ, அதே அளவு தொலைவிலுள்ள வேலூருக்கோ செல்ல வேண்டும். எனவே கருவி வரட்டும். ஆனால் கருவி வந்தாலே குழந்தைகள் பிழைத்துவிடுவர் என்ற நம்பிக்கையை என்னால் ஏற்க இயலவில்லை.

நோயின் இயல்பே அதற்குக் காரணம். பிலியரி அட்ரீசியா எனப்படும் பித்தநாள அடைப்பில், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் செல்லும் நாளங்கள் தழும்பேறி அடைபடுகின்றன. தேங்கும் பித்தம் கல்லீரலைச் சிதைக்கிறது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவை சிகிச்சை, குடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாயிலில் நேரே இணைத்துப் பித்தத்துக்கு வழி திறக்கிறது. பிறந்த 60 நாள்களுக்குள் செய்தால் அதன் பயன் மிகுதி. நாள் கடக்கக் கடக்க வாய்ப்பு குறைந்து, இறுதியில் கல்லீரல் மாற்று ஒன்றே எஞ்சும்.

அல்ட்ராசவுண்ட் இங்கே என்ன செய்யும்? கதிர்வீச்சும் மயக்க மருந்தும் இன்றி, பித்தப்பை சுருங்கியோ உருக்குலைந்தோ இருப்பதைக் காட்டும். கல்லீரல் வாயிலில் முக்கோண வடிவத் தழும்புத் திசு தெரிந்தால் ஐயம் வலுக்கும். கொரிய மருத்துவர்கள் 1996இல் விவரித்த அடையாளம் அது. ஆனால் இவற்றைக் காணக் குழந்தை சில மணி நேரம் பாலருந்தாமல் இருக்க வேண்டும். பால் குடித்ததும் பித்தப்பை தானே சுருங்கிவிடும். உயர் அதிர்வெண் கருவியும் பழகிய கண்ணும் வேண்டும். இவையெல்லாம் அமைந்தாலும் சில குழந்தைகளிடம் அடையாளம் தென்படுவதில்லை. ஆகவே ஸ்கேன் ஐயத்தை வலுப்படுத்தலாம். தனியே நின்று ஐயத்தை நீக்க அதனால் ஆகாது.

மொழியியல் பயின்றவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இங்குதான் தொடங்குகிறது. 'காணப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது பார்த்தவரின் எல்லையைச் சொல்கிறது. பின்னது பொருளின் இருப்பையே மறுக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஸ்கேன் அறிக்கை முன்னதைக் குறிக்கும் இடத்தில், தமிழ் பேசும் வீட்டுக்குப் பின்னதே வந்து சேர்கிறது. 'நார்மல்' என்ற சொல்லுக்கு நம் பேச்சில் 'கவலை வேண்டாம், திரும்பி வர வேண்டாம்' என்பதே பொருள். மாரிகுப்பத்தில் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஒரு தந்தையை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் கூலியை இழந்து குழந்தையைக் காட்டியவர், 'நார்மல்' என்று கேட்டபின் அடுத்த வாரக் கூலியையும் ஏன் இழப்பார்? அறுபது நாளில் இருபது நாளை அந்த ஒரு சொல் விழுங்கிவிடக்கூடும்.

ஸ்கேனுக்கு முன்பும் சொற்களே நாள்களைத் தின்கின்றன. பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வந்து தானே மறையும் மஞ்சளையும், இரண்டு வாரத்துக்குப் பின்னும் நீடிக்கும் மஞ்சளையும் 'காமாலை' என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறோம். 'வெயிலில் காட்டுங்கள்' என்ற அறிவுரையும் இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. 'மலம் வெள்ளையாகப் போகிறதா?' என்று கேட்டால், பால் வெள்ளையை நினைத்துத் தாய் 'இல்லை, மஞ்சள்தான்' என்பார். நலமான குழந்தையின் கடுகு மஞ்சளுக்கும் நோயுற்ற குழந்தையின் வெளிறிய மஞ்சளுக்கும் நம்மிடம் இருப்பது அந்த ஒரே பெயர். தாயின் விடை பொய்யன்று, கேள்விதான் பிழை.

சொல் தோற்கும் இடத்தில் படம் வெல்லும். தைவான் 2004இல் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையை நாடு முழுவதும் தாய்மாருக்கு வழங்கியது. 60 நாள்களுக்குள் கசாய் அறுவை நடந்தோரின் பங்கு அவ்வாண்டில் 60 விழுக்காடு. மறு ஆண்டில் 74.3 விழுக்காடு. அதைச் சாதித்தது ஓர் அச்சிட்ட தாள்.

நம்மிடம் அதற்கான ஆள்கள் இல்லையா? மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கே சென்று காண வேண்டும் என்பது அரசின் திட்டம். கடைசி நான்கு சந்திப்புகளும் காமாலை கவலைக்குரியதாகும் நாளுக்கும் அறுபதாம் நாளுக்கும் இடையே விழுகின்றன. ஆயினும் 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் முன்வைத்த ஒன்பது பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் பித்தநாள அடைப்புக்கு இடமில்லை.

'பல்லாயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும் நோய்க்கு இவ்வளவு ஏற்பாடா? தாய்மாரை வீணாக அச்சுறுத்தலாமா?' என்பர். ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. சேர்க்க வேண்டியது ஒரு படமும் ஒரு கேள்வியும். அச்சத்தைப் போக்க நேரடி பிலிரூபின் அளக்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. அதில் அளவு கூடுதலாகத் தெரியும் பிற கல்லீரல் நோய்களும் காலத்தோடு வெளிப்படும்.

ஆகவே கருவி கேட்போர் அதனோடு மூன்றையும் சேர்த்துக் கேட்கட்டும். கன்னடத்தில் அச்சாகும் தாய் அட்டையோடு, எம்மொழித் தாயும் உணரும் நிற அட்டை கைக்கு வர வேண்டும். பதினான்காம் நாளிலும் மஞ்சள் நீடித்தால் நேரடி பிலிரூபின் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். ஸ்கேன் அறிக்கை, குழந்தை பாலருந்தாமல் இருந்ததா, பித்தப்பை தெரிந்ததா, முக்கோணத் தழும்பைத் தேடினார்களா என்பவற்றைத் தனித்தனியே கூறி, மீண்டும் வரவேண்டிய நாளையும் பெற்றோரின் மொழியில் எழுதித் தர வேண்டும்.

மறுப்போர் தாராளமாக மறுக்கலாம். மறுப்பைப் பதினான்காம் நாளிலிருந்து எண்ணித் தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.