சிறுநீர் மாதிரிக்கு சீல்... வீரரின் முகவரிக்கு?

முன்னணி விளையாட்டு வீரர்கள் இரவு எங்கே தங்குகிறார்கள், சோதனைக்குத் தினமும் எந்த ஒரு மணி நேரம் கிடைப்பார்கள் என்பதை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான 'வாடா'வின் 'ஆடம்ஸ்' தளத்தில் பதிய வேண்டும். 12 மாதங்களில் 3 முறை தவறினால் தடை வரலாம்.

2016 ஆகஸ்ட்டில், ரஷ்ய ஊக்கமருந்து மோசடியை அம்பலப்படுத்திவிட்டுத் தலைமறைவாக வாழ்ந்த யூலியா ஸ்டெபனோவாவின் கணக்குக்குள் யாரோ புகுந்தார்கள். அடுத்த மாதமே சிமோன் பைல்ஸ், செரீனா வில்லியம்ஸ் ஆகியோரின் மருத்துவக் குறிப்புகள் இணையத்துக்கு வந்தன. எப்படி? போலி இமெயிலில் பாஸ்வேர்டு போச்சு, அவ்வளவுதான்!

கட்டாயப்படுத்தி வாங்கும் தகவலைக் காப்பதும் கட்டாயம்தானே? இரண்டடுக்கு லாகின், வேலை முடிந்ததும் மூடப்படும் தற்காலிகக் கணக்குகள், யார் எதைப் பார்த்தார் என்ற பதிவு... இவையெல்லாம் ஆய்வகக் கருவிகளைப் போலவே அவசியம். சிறுநீர் மாதிரிக்கு சீல் வைக்கிறார்கள். முகவரிக்கும் வைக்க வேண்டாமா?