கடலையை ஊறப்போடுங்கோ

கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட வேணும் எண்டது எங்கட வீடுகளில யாரும் தனியாகச் சொல்லித்தராத பாடம். இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கிற ஆக்களுக்கு அதை விதிமுறைப் பலகையில எழுதிவைக்க வேண்டியிருக்கு. சில குளங்களின் உரிமையாளர்கள் இன்னும் ஒரு படி மேல போய் விதை இரைகளை முழுசாகவே தடை செய்திருக்கிறார்கள். அந்தத் தடையில பாதி சோம்பல், பாதி வியாபாரம் என்பது என் அபிப்பிராயம்.

அங்கத்தைய பழக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தில் தூண்டில்காரர் கெண்டையைப் பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. பிடித்து, நிறுத்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணிக்குள் விட்டுவிடுவார்கள். ஒரே மீன் பல வருசமாகப் பல பேருடைய தூண்டிலில் அகப்படும். பெரிய மீன்களுக்குப் பெயரும் உண்டு. 1952இல் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வோக்கர் 44 இறாத்தல் கெண்டை ஒன்றைப் பாண் இரையில் பிடித்தார். 'கிளாரிசா' எண்டு பெயர் பெற்ற அந்த மீன் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் வாழ்ந்தது. 1970களில் ரொட் ஹட்சின்சன் போன்றவர்கள் விதைகளைப் பெரிய அளவில் இரையாக்கினார்கள். 1980இல் அதே ரெட்மயரில் கிறிஸ் யேட்ஸ் 51 இறாத்தலுக்கு மேற்பட்ட மீனைப் பிடித்தபோது தூண்டிலில் இருந்தது வெறும் சோள மணிகள்.

விதையின் சூட்சுமம் இலகுவானது. ஒரு பெரிய மாவுருண்டையைப் போட்டால் மீன் ஒரு வாயில் விழுங்கிவிட்டுப் போய்விடும். ஒரு கை சின்ன விதையைத் தூவினால், தலையைச் சேத்துக்குள் குத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு அங்கேயே நிற்கும். கஞ்சா விதைக்கு இதில தனி மவுசு. (பயப்பட வேண்டாம், அங்க அது மீன் இரைக் கடையில சாக்குக் கணக்கில விற்கிற சாமான். அவிச்ச விதை முளைக்கவும் மாட்டாது.)

சிக்கல் மீனின் உடம்பில இருக்கு. கெண்டைக்கு இரைப்பை இல்லை. தொண்டைக்குள் இருக்கிற பற்களால் நசுக்கி, நேரே குடலுக்குத்தான் அனுப்பும். காய்ந்த கடலையோ சோளமோ உள்ளே போய்த் தண்ணி குடித்து ஊதினால் அங்கே இடம் இல்லை. அதோட பச்சைப் பருப்பு வகைகளில் புரதம் சமிபாடடையிறதைத் தடுக்கிற பதார்த்தங்களும் இருக்கு. சிவப்புக் கிட்னி பீன்ஸை அரைவேக்காட்டில சாப்பிட்டால் மனுசருக்கே சத்தி வரும்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கடலை ஒரு இரவு ஊறி, நகத்தால அமத்தினால் பதியிற பதத்துக்கு அவிய வேணும். சோளத்துக்கு ஒரு முழு நாள் ஊறல், பிறகு அரை மணித்தியாலம் கொதி. கஞ்சா விதையை ஊறவைத்து மெல்லிய கொதியில விட்டால் கோது வெடித்து வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்; அதுதான் அடையாளம். கஷ்டமானது டைகர் நட். பெயரில நட் இருந்தாலும் அது கிழங்கு, எங்கட வயலில களையாகப் பிடுங்கி எறியிற கோரைக்கு மச்சான் முறை. அதை ஒரு நாளுக்குக் குறையாமல் ஊறவைத்து, அரை மணித்தியாலம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணியிலேயே விட்டுவைக்க வேணும். தண்ணி இனித்து, கோழை மாதிரிக் கட்டியாகும். வாசம் சகிக்காது, கெண்டைக்கு அதுதான் விருந்து.

விட்டுவிடப் போகிற மீனுக்கு ஏன் இவ்வளவு கவனம் எண்டு கேட்பியள். விட்டுவிடப் போவதால்தான். எங்கட வன்னிக் குளங்களில விடுகிற கெண்டைக் குஞ்சுகள் கடைசியில சட்டிக்கு வாறவை. அதுக்கு மண்புழு குத்தினால் என்ன, பச்சை மாவை உருட்டிக் குத்தினால் என்ன? ஆனால் 'நான் மீனைக் கொல்லுறேல்லை' எண்டு பெருமைப்படுகிறவர், வேகாத சோளத்தை வாளிக் கணக்கில கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், அந்தப் பெருமைக்கு என்ன அர்த்தம்? கிழக்கு ஐரோப்பாவில இருந்து வந்த ஒருத்தர், நத்தாருக்குக் கெண்டை சமைச்சுப் பழகினவர், ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்க எவ்வளவு கூச்சல்! வாளிக்காரரைப் பார்த்து ஒருத்தரும் அப்படிக் கத்திறதில்லை.

அதுக்காகத் தடைதான் மருந்தா? ஒரு பேணிச் சோளம், ஒரு கிலோ கடலை எண்டால் கையில காசில்லாத பெடியனும் குளக்கரைக்கு வரலாம். கடையில விற்கிற 'பொய்லி' உருண்டைகள் பல மடங்கு விலை. 'விதை இரை எண்டால் எங்கட கடையில வாங்கினது மட்டும்' எண்டு பலகை போடுகிற குளங்களும் இருக்கு. அங்க காப்பாற்றப்படுவது மீனா, கல்லாப்பெட்டியா? வெடிக்காத கஞ்சா விதை பார்த்தாலே தெரியும். கடலையை இரண்டு விரலுக்கிடையில வைத்து நசிச்சுப் பார்க்க அரை நிமிசம் காணும். கரையைச் சுற்றி வந்து அனுமதிச்சீட்டுப் பார்க்கிற காவலாளி வாளியையும் பார்க்கட்டும்.

கச்சான் விசயத்தில மட்டும் நான் தடைக்காரர் பக்கம். அதில பிடிக்கிற பூஞ்சணத்தின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் முழுசாகப் போகாது, கண்ணாலையும் பிடிக்க ஏலாது. கடலையும் கௌபியும் சோளமும் கிடைக்கிற இடத்தில கச்சான்தான் வேணுமெண்டு நிற்கத் தேவையும் இல்லை.