பிள்ளைகள் போகும் ஒழுங்கையைத் திருத்தினால் விருந்தாளியும் அதிலேதான் வருவார்



நமது ஆலங்குடாவைச் "சைக்கிள் சுற்றுலாக் கிராமம்" ஆக்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் சிலர் கொஞ்ச நாளாக எழுதி வருகிறார்கள். கடற்கரை விடுதிகளில் தங்கும் வெளிநாட்டவர்கள் காலையில் வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்குள்ளால் போவதை நாம் எல்லோரும் காண்கிறோம். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்திருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் அதை எந்தப் பக்கத்தில் இருந்து தொடங்குவது என்பதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் ஊர் பார்க்க வருகிறவருக்கு ஏற்றம் இல்லாத நிலம் வேண்டும், வாகன இரைச்சல் இல்லாத வழி வேண்டும், இறங்கி நின்று பார்க்க ஏதாவது வேண்டும். பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை சுமார் 40 கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. மேடு என்று சொல்ல மணல் மேடு மட்டும்தான். பெரிய வீதியை விட்டு உள்ளே இறங்கினால் வெங்காயப் பாத்தி, மிளகாய்த் தோட்டம், பீட்ரூட், தென்னந்தோப்பு, வேலியோரத்தில் யாருக்கும் வழிவிடாமல் நிற்கும் கழுதைகள். சோளகக் காற்றுக் காலத்தில் கற்பிட்டிப் பக்கம் போவது சுகம். திரும்பி வருவது பற்றி விருந்தாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பார்க்கவும் நிறைய இருக்கிறது. மாம்புரியில் காற்றாலைகள். நுரைச்சோலையில் 900 மெகாவொட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. தலவிலில் புனித அன்னாள் ஆலயம். ஒகஸ்ட் திருவிழாவுக்கு நாடு முழுவதும் இருந்து சனம் வரும். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை, அவர்களுடைய பழைய தேவாலயம். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டிதான் 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் "தமிழ் புளூட்டாக்" நூலையும் ஆங்கிலத்தில் எழுதினார். வீட்டில் ஏ.எல். படிக்கும் பிள்ளையிடம் இந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். 1344இல் இப்னு பதூதா வந்து இறங்கியது புத்தளத்தில் என்பதை மட்டும் நம் பிள்ளைகள் மறக்காமல் சொல்வார்கள், மாஷா அல்லாஹ்.

குளிரூட்டிய வானில் கொழும்பிலிருந்து வந்து விடுதி வாசலில் இறங்கி, டொல்பின் பார்த்துவிட்டு அப்படியே திரும்புகிறவருக்கு இவை எதுவும் கண்ணில் படுவதில்லை. நம் கடையில் ஒரு பிளேன்டீ குடிக்கவும் அவர் இறங்கமாட்டார். சைக்கிளில் வருகிறவர் அப்படி அல்ல. நம் வெயிலில் பத்துக் கிலோமீற்றர் மிதித்தால் எந்த நாட்டுக்காரருக்கும் தாகம் எடுக்கும். இளநீர்க்காரர், புட்டு அவிக்கும் தாத்தா, ஒட்டுப் போடும் காக்கா என்று காசு பத்துக் கைகளுக்குப் போகும். அதனால்தான் நல்ல யோசனை என்கிறோம்.

சரி, இந்த ஒழுங்கைகளில் இன்று தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார்? காலை ஏழு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நம் பிள்ளைகள். கரியரில் தம்பி, ஹேண்டிலில் தண்ணீர்ப் போத்தல், முதுகில் தன் எடையில் பாதி புத்தகம். மாலையில் அதே பிள்ளைகள் மத்ரஸாவுக்கும் டியூஷனுக்கும் போகிறார்கள்.

மழை மாதங்களில் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். காய்ந்த மாதங்களில் சில்லு புதையும் மணல். சில இடங்களில் கோழிக் கழிவையும் பம்பர்ஸ் பையையும் கொட்டியிருக்கிறோம். கொட்டியவர்கள் வெளியூரார் இல்லை. நேற்றுவரை நடந்து போன குறுக்குப் பாதையில் இன்று முட்கம்பி வேலி. இதனால் பிள்ளை என்ன செய்கிறது? பெரிய வீதிக்கு ஏறுகிறது. அங்கே மரக்கறி லொறி, டிப்பர், ஒன்றையொன்று முந்தும் பஸ்கள். காப்பெற் போட்ட பிறகு வீதி அழகாகிவிட்டது, வேகமும் கூடிவிட்டது. பாடசாலை விட்டபின் கேற்றடியில் நிற்கும் எங்களுக்குத்தான் தெரியும், கடைசிப் பிள்ளை திரும்பும் வரை நெஞ்சு எப்படி அடிக்கும் என்று.

சைக்கிள் பாதை என்றால் உலகமே நெதர்லாந்தைக் காட்டுகிறது. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டியவர்களின் நாடுதான். அங்கே அந்தப் பாதைகள் உல்லாசப் பயணிகளுக்காகப் போடப்பட்டவை அல்ல. கார்கள் பெருகிப் பெருகி, 1971ஆம் ஆண்டில் மட்டும் வீதி விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். உம்மாமாரும் வாப்பாமாரும் வீதியில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பதே அந்த இயக்கத்தின் பெயர். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர, அரசு இந்தப் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பாதைகளில்தான் இன்று உலகமே போய்ச் சைக்கிள் ஓட்டுகிறது.

நமக்கும் 2022இல் ஒரு நெருக்கடி வந்தது. பெற்றோல் வரிசை, கியூஆர் அட்டை. துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. ஆசிரியர்களும் மிதித்துத்தான் வந்தோம். பெற்றோல் திரும்பியதும் சைக்கிள்கள் மறுபடி கொல்லைச் சுவரில் சாய்ந்துவிட்டன. பிள்ளைகளுடையது மட்டும் சாயவில்லை. அவர்களுக்கு வேறு வாகனம் இல்லை.

"ஒழுங்கைகளுக்கும் காப்பெற் போடச் சொல்லிக் கேட்போம்" என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அகலமாக்கிக் காப்பெற் போட்ட ஒழுங்கை கொஞ்ச நாளில் லொறிகளின் குறுக்குவழியாகிவிடும். அதோடு பிள்ளையும் போச்சு, அமைதி தேடி வரும் விருந்தாளியும் போச்சு. இறுக்கமான கிறவலும், தண்ணீர் வடிய ஒரு கானும், உடைந்த மதகுகளுக்குத் திருத்தமும், நிழலுக்கு வேம்பும் போதும். விவசாயிகள் கேட்பது நியாயம்: வெங்காயத்தை லொறி இல்லாமல் எப்படி ஏற்றுவது? லொறி வரட்டும். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் மட்டும் வராமல் இருக்கத் தோட்டக்காரர்களும் பள்ளி நிர்வாகமும் உட்கார்ந்து பேசினால் முடியும். சாரதிகளில் பாதிப்பேர் நம் மாணவர்களின் வாப்பாமார்தான்.

வேலி விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. கற்பிட்டியின் 14 தீவுகளைச் சுற்றிச் சுற்றுலாத் திட்டம் பேசப்பட்ட காலத்திலேயே கரைக்குப் போகும் வழியைப் பற்றி மீனவர்கள் கேள்வி எழுப்பினார்கள். காணி விற்பது அவரவர் உரிமை. ஆனால் கரைவலைக்காரரும் பிள்ளைகளும் காலாகாலமாகப் போன பாதையையும் சேர்த்து விற்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. சைக்கிள் பாதை என்று பிரதேச சபையின் வரைபடத்தில் ஒரு கோடு ஏறிவிட்டால், பிறகு அதன் குறுக்கே கம்பி கட்டுவது கஷ்டம். சுற்றுலாவால் நமக்குக் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் அந்தக் கோடுதான் என்று நினைக்கிறோம்.

இன்னொன்று, சொல்லத்தான் வேண்டும். தரம் எட்டு, ஒன்பதுக்கு வந்ததும் நம் பெண் பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறக்கப்படுகிறார்கள். அதன் பிறகு வாப்பாவோ காக்காவோ ஏற்றிவந்தால்தான் வகுப்பு. கடலுக்குப் போன நாளில் ஏற்றிவர ஆள் இல்லை. வரவுப் பதிவேட்டில் அது தெரிகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு நம்மிடையே வந்து வாழும் குடும்பங்களில் யாழ்ப்பாணத்து உம்மாமாரைக் கேளுங்கள், பெண்கள் சைக்கிளில் பாடசாலை போவது அங்கே எவ்வளவு சாதாரணம் என்று. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டினார்கள், முஸ்லிம் பெண்களும்தான். பெற்றோரின் பயம் சைக்கிளைப் பற்றியது அல்ல, வீதியைப் பற்றியது என்றால், வீதியைச் சரிசெய்யலாமே.

விருந்தாளிகளின் உடை பற்றிக் கவலைப்படும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. பள்ளிவாசலடியிலும் பாடசாலையடியிலும் எப்படிப் போக வேண்டும் என்று விடுதிக்காரர் சைக்கிள் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம். சொன்னால் கேட்பார்கள், நாம் இதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு வேலை. இன்று மஃரிபுக்குப் பிறகு உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: எந்த ஒழுங்கையால் வருகிறாய், எந்த இடத்தில் இறங்கி உருட்டுகிறாய், எங்கே பயமாக இருக்கிறது? அதை ஒரு தாளில் எழுதி நாளைக்கே பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். இடங்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் குறித்து, பள்ளி நிர்வாகத்தையும் இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு, இன்ஷா அல்லாஹ், மழை தொடங்குவதற்கு முன்பே பிரதேச சபைக்குப் போவோம்.