அடைமழைக்கும் ஈடுகொடுக்கும் சூரியச் சாதனங்கள்

சூரிய வெளிச்சத்தால் இயங்கும் சிறு மின்னணுச் சாதனங்களைத் தாமே செய்து பார்ப்பது விஞ்ஞான ஆர்வமுள்ள இளைஞருக்கு உகந்த பொழுதுபோக்காகும். உள்ளங்கை அளவுள்ள ஒரு மின்தகடு, பாட்டரி என வழங்கும் சேமக்கலம் ஒன்று, ஒரு டையோடு, சில மின்தடைகள், எல்.இ.டி. விளக்கு ஒன்று ஆகியவை கையிலிருந்தால், சித்தூரிலோ திருப்பதியிலோ வாழும் ஒரு மாணவன் தன் வீட்டு மாடியில் மிகச் சிறிய மின்நிலையம் ஒன்றையே அமைத்துவிடலாம். இரவில் படிக்க விளக்கு, பாட்டுக் கேட்க ரேடியோ, தோட்டத்து மண்ணின் ஈரத்தைக் காட்டும் கருவி என்று அவன் செய்யக்கூடியவை பல.

ஆயினும் இச்சாதனங்களுள் பெரும்பாலானவற்றின் வரலாறு ஒன்றுபோலவே முடிகிறது. பொருட்காட்சி நடைபெறும் நாளில் அவை ஒளிர்கின்றன, பார்ப்போர் பாராட்டுகின்றனர். ஐப்பசி, கார்த்திகை அடைமழை தொடங்கியதும் விளக்கு மங்குகிறது. பின்னர் அச்சாதனம் பரணுக்குச் செல்கிறது. சூரியனை நம்பினால் இப்படித்தான் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்து வீட்டில் நிலைத்துவிடுகிறது. இந்த எண்ணம் தவறானது. குறை சூரியனிடத்தும் இல்லை, மின்தகட்டிடத்தும் இல்லை; வரவையும் செலவையும் கணக்கிடாமல் சாதனத்தை அமைத்ததே குறை. இக்கணக்கைக் கற்பிக்காமல் மின்தகட்டை மட்டும் மாணவர் கையில் கொடுப்பதால் பயன் சிறிதே.

மின்தகட்டின் வரலாறே ஒரு விளையாட்டுப் பொருளில் தொடங்கியது எனலாம். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் தங்கள் சிலிக்கன் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியபோது, அதைக் கொண்டு ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுழற்றினர். ஒரு சிறு ரேடியோ ஒலிபரப்பியையும் இயக்கினர். சேப்பின், புல்லர், பியர்ஸன் ஆகிய மூவர் உருவாக்கிய அந்த மின்கலம், தன்மேல் விழுந்த ஒளிச் சக்தியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே மின்சாரமாக மாற்றியது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே 1954ஆம் ஆண்டிலேயே. இன்று கடையில் விற்கும் நல்ல மின்தகடுகள் 20 விழுக்காட்டுக்கும் மேலாக மின்சாரமாக மாற்றுகின்றன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கக்கூடிய பொருள் அது. ஆதலின் ஒரு சூரியச் சாதனம் ஓராண்டுக்குள் ஓய்ந்துபோகுமானால், காரணத்தைப் பெரும்பாலும் வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதை இம்மண்ணிலிருந்தே விண்ணுக்குச் சென்ற ஒரு சாதனம் தெளிவாக்கும். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் நிகழ்ந்த மாவட்டச் சீரமைப்புக்குப் பின் ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். அங்கிருந்து 2005ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட், கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட் என்னும் 42.5 கிலோகிராம் எடையுள்ள துணைக்கோளையும் ஏந்திச் சென்றது. ரேடியோவைப் பொழுதுபோக்காகக் கொண்ட அமெச்சூர் அன்பர்களுக்கென்றே இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய கோள் அது. அதிலிருந்த இரு அலைமாற்றிகளுள் ஒன்றை இந்திய அன்பர்களும், மற்றொன்றை ஹாலந்து நாட்டு அன்பர் ஒருவரும் உருவாக்கினர். ஒன்பது ஆண்டுகள் உழைத்த பின் 2014ஆம் ஆண்டு ஜூலையில் அது ஓய்ந்தது. அதன் லித்தியம் அயனிச் சேமக்கலம் செயலிழந்ததே அதற்குக் காரணம்.

இதற்கு முற்பட்ட சான்றும் உண்டு. 1958ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா ஏவிய வான்கார்டு-1 கோளில் இரு ஒலிபரப்பிகள் இருந்தன. சாதாரண மின்கலங்களால் இயங்கிய ஒன்று அவ்வாண்டு ஜூனிலேயே அடங்கியது. சூரிய மின்கலங்களால் இயங்கிய மற்றொன்றோ 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. மேகமே இல்லாத விண்வெளியிலும் சேமிப்பே முதலில் தளர்கிறது என்றால், மாடியில் வைத்த பெட்டிக்குள் அது எவ்வளவு விரைவில் தளரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, இவ்விரு மாவட்டங்களின் சூரியனைச் சற்று ஆராய்வோர்க்குச் சில உண்மைகள் புலனாகும். சித்தூரும் திருப்பதியும் வட அகலாங்கு 13 டிகிரிக்கும் 14 டிகிரிக்கும் இடையே உள்ளன. ஏப்ரல் மாத இறுதியிலும், ஆகஸ்டு மாத நடுவிலும் நண்பகற் சூரியன் இங்கு நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நாட்களில் அது உச்சிக்குச் சிறிது வடக்கே செல்கிறது. எனினும் ஆண்டு முழுவதையும் கருதினால், மின்தகட்டைத் தெற்கு நோக்கி 13 அல்லது 14 டிகிரி சாய்த்து வைப்பதே நலம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 5 கிலோவாட்-மணி அளவு ஒளிச்சக்தி இங்கு விழுகிறது. முழு வெயில் 5 மணி நேரம் காய்வதற்கு இது சமமாகும்.

இச்சராசரியை அப்படியே நம்புவதுதான் தொடக்கக்காரர் செய்யும் பிழை. கோடையின் மிகுவெப்பம் மின்தகட்டின் பகையேயாகும். சிலிக்கன் கலத்தின் வெப்பநிலை ஒரு டிகிரி உயருந்தோறும் அதன் மின்திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைகிறது. மே மாத நண்பகலில் தகட்டின் வெப்பம் 65 டிகிரியை எட்டுமானால், 25 டிகிரியில் அளந்து பொறித்த திறனில் ஆறில் ஒரு பங்கு இழப்பாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ கதிரவன் நாட்கணக்கில் முகங்காட்டுவதில்லை. 2021ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதி நகரம் பெருமழையாலும் வெள்ளத்தாலும் தவித்ததை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆதலின் இவ்வட்டாரத்தில் சூரியச் சாதனம் செய்ய முற்படுவோர் மே மாதத்தை எண்ணிச் செய்யாமல், நவம்பரை எண்ணிச் செய்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு படிப்பு விளக்கைக் கொள்வோம். 1 வாட் விளக்கு இரவில் 4 மணி நேரம் எரிய 4 வாட்-மணி சக்தி வேண்டும். 3 வாட் மின்தகடு தெளிந்த நாளில் 15 வாட்-மணி தரவேண்டும். வெப்பம், தூசி முதலிய காரணங்களால் 30 விழுக்காட்டைக் கழித்தால் 10.5 நிற்கும். அதைச் சேமக்கலத்தில் இட்டு மீண்டும் எடுப்பதில் கால் பங்கு வீணாகுமெனக் கொண்டால், விளக்குக்குக் கிடைப்பது 8 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. தேவையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இதைக் கண்டு செய்தவன் மகிழ்கிறான்.

இப்பொழுது மழைநாளைப் பார்க்கலாம். முழு வெயில் ஒரு மணி நேரம் காய்ந்ததற்குச் சமமான ஒளியே அன்று கிடைக்குமாயின், கழிவுகள் போக விளக்குக்கு எஞ்சுவது 1.5 வாட்-மணி மட்டுமே. செலவோ 4. கடையில் எளிதில் கிடைக்கும் 3.2 வோல்ட், 1.5 ஆம்பியர்-மணிச் சேமக்கலத்தில் அடங்குவது 4.8 வாட்-மணி. முதல் இரவு அதில் 4 செலவாகிறது; மறுநாட் பகலில் 1.5 வரவாகிறது, கையிருப்பு 2.3. இரண்டாம் இரவிலேயே விளக்கு பாதியில் அணைகிறது. ஐந்து இரவுகள் தொடர்ந்து எரியவேண்டுமானால் 14 வாட்-மணி கையிருப்பு வேண்டும். சேமக்கலத்தை முற்றும் வடித்துவிடலாகாது என்பதையும் எண்ணினால், 6 ஆம்பியர்-மணிக் கலம் தேவைப்படும். அது முன்னையதைப்போல் நான்கு மடங்கு பெரிது. விலையும் அதற்கேற்ப உயரும்.

இவ்விடத்தில்தான் மின்னணுவியல் துணைக்கு வருகிறது. சேமக்கலத்தின் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கியதும் விளக்கின் ஒளியைத் தானே பாதியாக்கும் ஒரு சிறு சுற்றை மாணவன் அமைப்பானாக. மழைக்காலம் முழுவதும் விளக்கு அரை வாட்டில் எரிந்தால் இரவொன்றுக்குச் செலவு 2 வாட்-மணி; வரவு 1.5 போக, நாளொன்றுக்குக் குறைவது அரை வாட்-மணியே. ஐந்து இரவுகளுக்கு வேண்டிய கையிருப்பு 4 வாட்-மணிதான். முதலில் வாங்கிய சிறு கலமே ஏறத்தாழப் போதுமானதாகிறது. பெரிய சேமக்கலம் வாங்கப் பணம் வேண்டும். அரை ஒளியில் ஐந்து இரவும் படிக்கச் செய்யும் சுற்றை அமைக்க அறிவு போதும். வரவறிந்து செலவு செய்யும் குடும்பத்தலைவியின் விவேகத்தையே அச்சுற்று செய்து காட்டுகிறது.

சேமக்கலத்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் இன்றியமையாதது. இன்று மாணவர் கையில் புழங்கும் லித்தியம் கலங்கள் இருவகை. ஒருவகை 4.2 வோல்ட் வரை மின்னேற்றத்தக்கது. இரும்பு பாஸ்பேட் வகையோ 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏற்கத் தகாதது. முன்னதற்கென விற்கும் மின்னேற்றுப் பலகையைப் பின்னதற்கு இணைத்தால் கலம் கெடும். பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த கலங்களைக் காப்புச் சுற்று இன்றிப் பயன்படுத்துவது தீ விபத்துக்கும் இடமளிக்கும். 45 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் லித்தியம் கலத்துக்கு மின்னேற்றுவதும் தகாது. ஆதலின் மின்தகடு வெயிலிலும் சேமக்கலம் நிழலிலும் இருப்பதே முறை. இரண்டையும் ஒரே மூடிய பெட்டியில் அடைத்து மாடியில் வைக்கும் அமைப்பு, பார்ப்பதற்கு அழகாயினும், தன் கலத்தைத் தானே வேகவைப்பதாகும். ஈய-அமிலச் சேமக்கலம் எடை மிகுந்ததேனும் விலை குறைந்தது. பழையதை ஈயத்துக்காகத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வழக்கமும் நாட்டில் வேரூன்றியுள்ளது. திருப்பதியை அடுத்த கரக்கம்பாடியில் அத்தகைய சேமக்கலங்களைப் பெருமளவில் செய்யும் தொழிற்சாலையே உள்ளது. எனினும் மின்னிறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால் ஈயக் கலமும் பாழாகும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சூரிய விளக்குகள்தாம் கடையில் மலிவாய்க் கிடைக்கின்றனவே என்று கேட்போர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பணத்தை மட்டும் கருதினால் வாங்குவதே சிக்கனம். ஆனால் வாங்கிய விளக்கு கெட்டால் என் செய்வது? பம்பாய் ஐ.ஐ.டி. தன் சூரிய விளக்குத் திட்டத்தில், விளக்குகளைக் கிராமத்து மக்களே பொருத்தவும் பழுது நீக்கவும் பயிற்சி அளித்தது. ஊரில் பழுது பார்ப்போர் இருந்தால்தான் விளக்கு தொடர்ந்து எரியும் என்பதே அதன் அடிப்படை. தன் கையால் ஒன்றைச் செய்து, அதன் கணக்கையும் அறிந்த மாணவன் அண்டை வீட்டார் விளக்கையும் செப்பனிடுவான். அவர்கள் வயலிலுள்ள பம்புசெட்டின் மின்தகடுகளில் ஒன்றின்மேல் மரநிழல் விழுந்தால் தொடரிணைப்பிலுள்ள மற்றவற்றின் திறனும் ஏன் குன்றுகிறது என்பதையும் எடுத்துரைப்பான்.

ஆகவே, பள்ளிகளில் அமைந்துள்ள அடல் டிங்கரிங் ஆய்வகங்களும், மாணவர் மாதிரிகளுக்கு ரூ. 10,000 உதவும் இன்ஸ்பையர்-மானக் திட்டமும் சூரியச் சாதனங்களை மதிப்பிடும் முறையை மாற்றிக்கொள்ளுதல் நன்று. ஒரு நாள் ஒளிர்ந்ததற்குப் பரிசளிப்பதை விடுத்து, ஒரு மாதம் திறந்த மாடியில், இயலுமாயின் கார்த்திகையில், நின்று உழைத்ததற்குப் பரிசளிக்க வேண்டும். சாதனத்துடன் ஒரு குறிப்பேடும் வைக்கப்பெற வேண்டும். நாள்தோறும் நண்பகலில், சிறு மின்தகட்டின் இரு முனைகளையும் மல்டிமீட்டர் வழியே இணைத்துக் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை அளந்தால் போதும். அம்மின்னோட்டம் விழும் ஒளிக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் இருப்பதால், சில நூறு ரூபாய்க் கருவி ஒன்றே ஊரின் சூரியனை அளந்துவிடும்.

அளவுகளைச் சீர்தூக்கிச் சொல்ல வல்ல அறிஞர் இங்கு இல்லாமலில்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் திருப்பதியிலேயே உள்ளன. வட்டார அறிவியல் மையமும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை இந்நிறுவனங்களுள் ஒன்று மாணவர் குறிப்பேடுகளைத் திரட்டி, அவற்றை ஒப்பிட்டு, பிழைகளைச் சுட்டித் திருப்பி அனுப்புமாயின், அச்சிறு உதவி பல பொருட்காட்சிகளினும் மேலானதாகும்.

இக்குறிப்பேடுகளால் மாணவர் கற்பது மின்னணுவியல் மட்டுமன்று. அளந்தறியாத எதையும் நம்பாத மனப்பான்மையும் அவர்களிடம் வளரும். மழை ஓயாத ஐந்தாம் இரவிலும், அரை ஒளியிலேனும், ஒரு சிறுவன் தான் செய்த விளக்கின்கீழ் அமர்ந்து படிப்பானாயின், அவன் கற்ற விஞ்ஞானம் பலித்தது எனலாம்.