அந்த அடி எவன் மேல விழுந்துச்சு?

மதுரை மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்துப் பிரகாரத்தில் திருவிளையாடல் ஓவியங்கள் உண்டு. பள்ளிக்கூடம் படிக்கிறப்ப அப்பத்தாவோட போயிருந்தேன். பிட்டுக்கு மண் சுமந்த படத்துக்கு முன்னால அது நின்னுருச்சு. கதை தெரிஞ்சதுதான். வைகையில வெள்ளம், வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரை அடைக்கணும்னு பாண்டியன் உத்தரவு. பிட்டு விக்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சிவன் கூலியாளா வந்து பிட்டைத் தின்னுட்டு, வேலையைப் பார்க்காம படுத்துக்கிறார். ராசா பிரம்பால ஒண்ணு வைக்க, அந்த அடி ராசா முதுகுலயும் உலகத்து உயிர் எல்லாத்து முதுகுலயும் விழுது.

அப்பத்தா கூடையையும் பிரம்பையும் ரொம்ப நேரம் பார்த்துச்சு. அப்புறம் கேட்டுச்சு:

“எங்கய்யாவக் கம்மாக் கரையில கட்டி வச்சு அடிச்சாகளே, அந்த அடி எவன் மேலடா விழுந்துச்சு?”

வரைந்தவர் மனதில் இருந்தது ஈசனின் விளையாட்டு. பார்த்தவள் மனதில் எழுந்தது மடை திறக்கப் பிந்திப்போன தகப்பன். சுவரில் இல்லாத அந்தக் கதையை அவள்தான் உள்ளே கொண்டுபோனாள். படத்துக்கு முன்னால யாரும் வெறுங்கையோட வந்து நிக்கிறதில்லை.

ஆனால் கதையோட வர்றவனை முதல்ல உள்ளே விடணுமே! 1939 ஜூலை 8 அன்றுதான் வைத்தியநாத அய்யர் முன்னின்று, கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டவர்கள் ஐந்து பேரும் நாடார் ஒருவரும் அந்தக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். பட்டர்கள் கோயில் தீட்டுப்பட்டதாகச் சொல்லிப் பூசைக்கு வர மறுத்தார்கள். நுழைந்தவர்களைக் காக்க அரசு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதுவரை, கண்மாயில் தலைமுறை தலைமுறையாக மண் சுமந்த சனம், சாமி மண் சுமந்த கதையைச் சுவரில் பார்த்ததில்லை. அப்பத்தாவின் அய்யா கோபுரத்தை வெளியே நின்னு கும்பிட்டவர். ஆலயப் பிரவேசம் என்கிறார்கள். அதை ஓவியப் பிரவேசம் என்றும் எழுதலாம். நம்ம கலை வரலாற்றுக்காரர்கள் எழுத மாட்டார்கள். அவர்களுக்கு நாயக்கர் காலத்து வண்ணக் கலவைதான் முக்கியம்.

போன வருசம் சவி சாவர்கரின் ஓவியம் ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். (பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இவர் நாக்பூரைச் சேர்ந்த தலித் ஓவியர்.) கழுத்தில் எச்சில் சட்டி தொங்க நிற்கும் மனிதன். பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதவர்கள் இப்படித்தான் நடக்க வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையில் 1936இல் எழுதியிருக்கிறார்.

அப்பாவுக்கு பேஷ்வா யாருன்னு தெரியாது. கொஞ்ச நேரம் பேசல. “நமக்குச் சட்டி இல்லப்பா, செருப்பு” என்றார். மேலத்தெரு முனை வந்ததும் செருப்பைக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டது, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போனது, இவர் இறங்கலைன்னு ஒருத்தன் டயரைக் கிழிச்சது எல்லாம் வந்தது. இதையெல்லாம் வீட்டுல பேசவே கூடாதுன்னு இருந்த மனுசன். பையன் பேங்க்ல கிளார்க், பழசு எதுக்குன்னு நினைச்சிருப்பார். நாக்பூர்க்காரர் ஒருத்தர் தன் சனத்தோட நினைவை வரைய, மதுரைப் பக்கத்து வாயைத் திறந்திருக்கு.

இந்த மாதிரிப் படங்களைப் ‘பிரச்சாரம், அழகியல் இல்லை’ என்று தள்ளுகிறவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை. எந்த அழகியல் எங்கப்பனைப் பேச வைத்தது என்று மட்டும் கேட்கிறேன். நம்ம சேரிச் சுவர்களில் அம்பேத்கரை வரைகிற போர்டு ஆர்ட்டிஸ்டுகளையும் இதில்தான் சேர்க்கிறேன். மூக்குக் கண்ணாடி ஒருபக்கம் கோணியிருக்கும், கோட்டு நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். ராத்திரியோட ராத்திரியா சாணி அடிக்கிறவனுக்கு அது யாருன்னு நல்லாத் தெரியுது. சிலைக்குக் கம்பிக் கூண்டு போட்டுவிட்டார்கள், சுவருக்கு அதுவும் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. கண்காட்சி வைக்கிறீர்கள், படத்துக்குக் கீழே அரைப் பக்கத்துக்கு விளக்கம் ஒட்டுகிறீர்கள். அதைக் கிழித்துவிட்டு ஒரு நோட்டை வையுங்கள். பெரிசுகளைக் கூட்டிவந்து நிறுத்துங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பேச்சைத் திருத்தாதீர்கள், பேர் ஊர் கேட்டு எழுதுங்கள். அப்பத்தா கேட்ட கேள்வியை எழுதி வைக்க எனக்கு இருபது வருசத்துக்கு மேல ஆயிருச்சு. அதோட அய்யா பேர் என்னன்னு கேட்காமலே விட்டுட்டேன். இப்பக் கேட்க அப்பத்தா இல்லை.

நோட்டில் சேர்ந்ததை அப்படியே அனுப்புங்கள். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.