ஏழு அடுக்கு மாடியும் எங்க ஊரு பின்கோடும்

போன வாரம் ஊருக்கு (உத்திரமேரூர்தான், வேற எங்க) போயிருந்தப்ப பக்கத்து வீட்டுத் தம்பி வந்தான். மூணாவது வருஷம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். "அண்ணா, இன்டர்வியூல நெட்வொர்க்கிங் கேப்பாங்களாம், கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணா"ன்னான். உனக்கு என்ன தெரியும்னு கேட்டேன். பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க்னு ஏழு லேயரையும் மூச்சு விடாம ஒப்பிச்சான். காலேஜ்ல ஒரு வாய்ப்பாடு குடுத்திருக்காங்களாம்: "ப்ளீஸ் டு நாட் த்ரோ சாசேஜ் பிட்சா அவே". சாசேஜ்னா என்னடான்னேன். தெரியலை :-)

சரின்னு ஒரு கேள்வி கேட்டேன். ஒரு சுவிட்ச், ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணுக்கு 192.168.1.10, இன்னொண்ணுக்கு 192.168.2.20. ரெண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. வேற எதுவும் கிடையாது. பிங் போகுமா? பய முழிக்கிறான். அந்தப் பேப்பர்ல நல்ல மார்க் வேற.

அவன் மேல எனக்குக் கோபம் இல்லை மக்களே. நானும் இப்படித்தான் பாஸ் பண்ணேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ராத்திரி பூரா கோடைக் குடைஞ்சு, விடியக்காலைல பார்த்தா சப்நெட் மாஸ்க் தப்பு. என் கோபமெல்லாம் முதல் நாள் முதல் வகுப்புல ஏழு அடுக்கு மாடியைப் போர்டுல வரையறவங்க மேலதான்.

அந்த ஓஎஸ்ஐ மாடல் ஐஎஸ்ஓ தரமா வெளிவந்தது 1984-ல. அர்பாநெட் 1983 ஜனவரி 1-ம் தேதியே டிசிபி/ஐபிக்கு மாறிடுச்சு. அதாவது, நாம குடியிருக்கற வீடு ஒண்ணு, பசங்க மனப்பாடம் பண்ற பிளான் இன்னொண்ணு. அந்தப் பிளான்படி கட்டினதுல ஐஎஸ்-ஐஎஸ் மாதிரி சில கதவு ஜன்னல்தான் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. "பழுது எந்த லேயர்லன்னு பிரிச்சுப் பார்க்க உதவுமே"ம்பீங்க. உதவும், ஒத்துக்கறேன். ஆனா பழுதையே பார்க்காதவனுக்கு அது எதுக்கு?

எங்க ஊரு பின்கோடு 603406. டெல்லில தபால் பிரிக்கறவருக்கு உத்திரமேரூர் எங்க இருக்குன்னு தெரிய வேண்டியதில்லை. 6-ஐப் பார்த்து தெற்கே தள்ளி விட்டாப் போதும். 603-ஐப் பார்த்தா செங்கல்பட்டுப் பக்கம். மிச்ச மூணு எண் எந்தத் தபாலாபீஸ்னு சொல்லும். இதுல ஒரு வேடிக்கை பாருங்க, நாங்க காஞ்சிபுரம் மாவட்டம், ஆனா காஞ்சிபுரம் டவுனுக்கு 631501. எண் சொல்றது மாவட்டத்தை இல்லை, வழியை. ஐபி முகவரியும் இதேதான். முன்பாதி எந்த நெட்வொர்க், பின்பாதி எந்த மெஷின், எங்க வெட்டணும்னு சொல்றதுதான் மாஸ்க். ஊருக்குள்ள கவர் வந்தப்புறம் புதுசா வந்த போஸ்ட்மேன் தெருவுல நின்னு "இது யாருப்பா?"ன்னு கத்தறாரே, அது ஏஆர்பி. யார் எந்த வாசல்ல இருந்து பேசினாங்கன்னு பார்த்துக் குறிச்சு வச்சுக்கறது சுவிட்ச். தெரியாத ஆள்னா, வந்த வாசலைத் தவிர எல்லா வாசல்லயும் போட்டுடும்.

புரோட்டோகால்னா என்னன்னு கேட்டா வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்தைக் காட்டுவேன். 919-ல குடவோலைக்கு விதி எழுதினாங்க, 921-ல திருத்தி எழுதினாங்க. வெர்ஷன் 2! ஓலையை எடுக்கறது உள்ள என்ன இருக்குன்னு தெரியாத சின்னப் பையன், வாங்கறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கைல வாங்கணும்னு வரைக்கும் கல்லுல இருக்கு. குடவோலைன்னு பெருமை பேசத் தெரியுது, அதை வச்சுப் பாடம் நடத்தத் தோணலை.

இதெல்லாம் ஏதோ இன்டர்வியூ சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 2011-ல ஒப்புதல் கிடைச்ச திட்டம்தான் பின்னாடி பாரத்நெட் ஆச்சு. அதுல தமிழ்நாட்டோட 12,525 கிராம ஊராட்சிக்கும் கண்ணாடி இழை இழுக்கறதுன்னு திட்டம். அந்த இழையோட இந்த முனைல யார் உக்காரப் போறா? ராத்திரி லைன் விழுந்தா சாசேஜ் பிட்சா சொல்லியா எழுப்புவாங்க?

கோச்சிங் சென்டர்ல சேர்ந்தா சரியாப் போகும்கறவங்களுக்கு: அங்க பல இடத்துல கைல குடுக்கறது போன பரீட்சையோட கேள்வி பதில். மனப்பாடத்துக்குக் காசு வேற.

தம்பி கதைக்கு வர்றேன். பரண்ல கிடந்த அஞ்சு போர்ட் சுவிட்ச்சை எடுத்து, ரெண்டு பழைய லேப்டாப்பை மாட்டினோம். அவனே முகவரி போட்டான். பிங் போகலை. ஏன்? ரெண்டு மெஷினும் மாஸ்க்கைப் பார்த்து "எதிராளி வேற ஊர்க்காரன்"னு முடிவு பண்ணி, வெளியூர் கவரைக் குடுக்க ஆளில்லாம நிக்குது. 2.20-ஐ 1.20-ன்னு மாத்தச் சொன்னேன். ரிப்ளை கொட்டுச்சு. பய மூஞ்சியைப் பார்க்கணுமே!

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துட்டிருந்துட்டு அவனே கேட்டான்: "அண்ணா, மாத்தாம 2.20-லயே வச்சுக்கிட்டு போக வைக்க முடியாதா?"

அப்பதான் ரூட்டர்ங்கற வார்த்தையை நான் வாயைத் திறந்து சொன்னேன்.

டிஸ்கி: சும்மா கிடக்கற பழைய ரூட்டர் யார்கிட்டயாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வேணும். பய இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றானாம்.