தனி அலுவலர் ஆட்சிக்கு முடிவு எப்போது?



தமிழகத்தில் 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து பல மாதங்கள் கடந்த பின்னரும், தேர்தல் நாள் அறிவிக்கப்படாமல் தனி அலுவலர்களின் கையிலேயே ஊராட்சிகள் விடப்பட்டிருப்பது வெட்கக்கேடு. தனி அலுவலர் என்பவர், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கும் மன்றத்துக்கும் உரிய அதிகாரத்தை அரசின் நியமனத்தால் பெறுபவர். கிராம ஊராட்சிகளில் வட்டார வளர்ச்சி அலுவலரே அப்பொறுப்பை வகிப்பதால், ஒருவரே பல ஊர்களுக்குத் தலைவராகிறார்.

இதன் கொடுமை 2025 ஆகஸ்ட் 15 அன்று ஓர் ஊரின் கிராம சபையில், அதாவது ஊராட்சி வாக்காளர் அனைவரும் உறுப்பினராக அமரும் கூட்டத்தில், கண்கூடாயிற்று. தனி அலுவலர் வரவில்லை. அவர் சார்பில் வந்தவர் முன்கூட்டியே தட்டச்சு செய்த தீர்மானங்களைப் படித்துவிட்டுக் கையொப்பம் வாங்கத் தொடங்கினார். மேல்நிலைத் தொட்டியின் வால்வு பழுதாகித் தங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவதில்லை என்று எழுந்து கேட்ட, நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு, ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்படி விடை கிடைத்தது. முன்பு தலைவர் வீட்டு வாசலில் நின்று உரக்கக் கேட்டு வேலையை முடித்துக்கொண்டவர், இனி ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறவேண்டும். அவர் எழுப்பிய கேள்வியோ தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை.

பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்கவேண்டும் என்பது, 73ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்த 243E பிரிவின் கட்டளை. வார்டு மறுவரையறை முடியவில்லை என்னும் சமாதானம் எடுபடாது. ஐந்தாண்டில் பதவிக்காலம் முடியும் என்பது பதவியேற்ற நாளிலேயே தெரிந்ததுதான். உரிய காலத்தில் தேர்தலை முடிப்பது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2016இல் நின்றுபோன தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் இதே 27 மாவட்டங்களில் மட்டும், நடந்தது. அன்று ஆண்ட கட்சியைக் குறைகூறிப் பின்னர் ஆட்சிக்கு வந்தவர்கள் 2025இல் அதே வழியில் சென்றதை எந்த வாக்காளரும் மறக்கலாகாது. முறையாக அமைந்த மன்றம் இல்லாத ஊராட்சிக்கு மத்திய நிதி ஆணைய மானியமும் கிடைக்காது. அந்த இழப்பு எந்த அதிகாரியின் ஊதியத்திலும் பிடிக்கப்படுவதில்லை.

மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தல் அட்டவணையை உடனே வெளியிடவேண்டும். அதுவரை, கிராம சபையில் எழும் ஒவ்வொரு கேள்வியும் கேட்டவர் முன்னிலையிலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படவேண்டும்.

இப்படிக்கு,
ஊராட்சி வாக்காளர் ஒருவர்